வன்ராஜ் பாட்டியாவை இசையமைப்பாளர் வரிசையில் ஏன் சேர்ப்பதில்லை?

திண்ணைவாசி எழுதியது:

திரையிசை என்றதும் நாம் எண்ணத் தொடங்குவது பாட்டை. எத்தனை பாடல், யார் பாடியது, எத்தனை நாள் ஒலித்தது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பார்த்தால் வன்ராஜ் பாட்டியா கடைசி வரிசையில்கூட நிற்கமாட்டார். ஆனால் 1970களிலும் 80களிலும் இந்தியாவில் வளர்ந்த ஒருவர் காதில் அவருடைய இசை விழாமல் போயிருக்க வழியே இல்லை. இயக்குநர் ஷியாம் பெனகலின் முதல் படமான ‘அங்குர்’ (1974) அவர் இசையமைத்தது. ‘மந்தன்’, ‘பூமிகா’, ‘ஜுனூன்’, ‘கல்யுக்’, ‘மண்டி’, ‘திரிகால்’ எல்லாம் அவர் இசைதான். குந்தன் ஷாவின் ‘ஜானே பீ தோ யாரோ’வும், அபர்ணா சென்னின் ‘36 சௌரங்கி லேன்’ படமும் அவர் கைவேலைதான். தூர்தர்ஷனில் ‘கான்தான்’, ‘யாத்ரா’, ‘தமஸ்’, ‘வாக்லே கி துனியா’, ‘பாரத் ஏக் கோஜ்’. நடுநடுவே வந்த விளம்பரங்களில் பாதி அவருடையவையாக இருந்திருக்கும்.

அவர் வந்த பாதையைப் பாருங்கள். 1927 மே 31 அன்று பம்பாயில் ஒரு கட்ச் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் இந்துஸ்தானி கற்றார். பதின்வயதில் சைக்கோவ்ஸ்கியின் பியானோ கான்செர்ட்டோவைக் கேட்டு மேற்கத்திய இசையின் பக்கம் திரும்பினார். எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முடித்து, லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து 1954இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். பிறகு ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் பாரிஸ். அங்கே ஆசிரியை நாதியா புலாஞ்சே. உலகப் புகழ்பெற்ற இசையமைப்பாளர்களான ஏரன் கோப்லாண்டும் பியாசொல்லாவும் குயின்சி ஜோன்ஸும் ஃபிலிப் கிளாஸும் கற்ற அதே அம்மையார். 1959இல் ஊர் திரும்பினார். 1960 முதல் 65 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் மேற்கத்திய இசையியல் கற்பித்தார்.

இப்படிப் பயின்ற ஒருவர் சோப்பு விளம்பரத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் எழுதிக் காலத்தை வீணாக்கிவிட்டார் என்று அவர் 2021இல் மறைந்தபோது பலர் எழுதினார்கள். எனக்கு அந்தப் பார்வை கொஞ்சமும் ஏற்பில்லை. அவர் படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதியதே அவருடைய முதன்மைப் படைப்பு என்று நினைக்கிறேன். அதைப் பேசலாமா?

---

தந்திவாத்தியம் எழுதியது:

தாராளமாகப் பேசலாம் ஐயா. 80களின் பிற்பகுதியில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வாசித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். பாட்டியா தன் இசையைத் தானே முழுமையாகத் தாளில் எழுதக்கூடியவர். இது எவ்வளவு அரிது என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

இந்தித் திரையிசையின் பொற்காலம் என்கிறோமே, அதன் வாத்திய இசையில் பெரும்பகுதியை எழுதியவர்கள் கோவாவிலிருந்து வந்த கலைஞர்கள். செபாஸ்டியன் டி’சூசா, அந்தோணி கொன்சால்வெஸ், ஃபிராங்க் ஃபெர்னாண்ட் போன்றவர்கள். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் பாடிக்காட்டுவார்; எந்த இடத்தில் வயலின், எந்த இடத்தில் டிரம்பெட், எத்தனை குரலில் எதிர்மெட்டு என்பதையெல்லாம் அரேஞ்சர் எழுதுவார். படத்தின் பட்டியலில் அவர் பெயர் ‘உதவி’ என்று வந்தால் பெரிய விஷயம். பாட்டியாவிடம் இந்தப் பிரிவினை இல்லை. மெட்டு, இசைக்கோப்பு, பின்னணி மூன்றும் ஒரே மூளையிலிருந்து வந்தன. அதனால்தான் ‘36 சௌரங்கி லேன்’ படத்தின் பின்னணியில் ஒரு வாத்தியம் அதிகமாக இருப்பதாகத் தோன்றாது. ஆங்கிலோ-இந்திய ஆசிரியை ஒருத்தியின் தனிமையைச் சொல்லும் படம். அந்தத் தனிமைக்கு எத்தனை சுரம் போதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் அப்படித் தானே தாளில் எழுதிக் கொடுத்து நேராக வாசிக்கச் சொன்னவர் இளையராஜா. அவர் தாள் முன்னால் வந்ததும் கூடத்தில் பேச்சு அடங்கிவிடும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பாட்டியாவின் வேலையை நான் மதிப்பிடுகிறேன்.

---

வடக்குவாசல் எழுதியது:

திண்ணைவாசி, உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் ‘முதன்மைப் படைப்பு’ என்று நீங்கள் தீர்ப்பெழுதுவதற்கு முன் அவர் எதை ஆசைப்பட்டார் என்று பார்க்க வேண்டாமா? அவர் வாழ்நாளின் பிற்பகுதி முழுக்கச் சுமந்தது ‘அக்னி வர்ஷா’ என்ற ஆப்பெராவை, அதாவது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய பாணி இசை நாடகத்தை. கிரீஷ் கர்னாடின் நாடகத்தை அடிப்படையாகக் கொண்டது. மகாபாரதத்தில் வரும் யவக்ரீதன் கதை. அதன் ஒரு பகுதி முதன்முதலில் மேடையேறியது 2012இல், நியூயார்க்கில். பம்பாயில் அல்ல. அப்போது அவருக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது.

பியானோவுக்கு எழுதிய ‘ஃபன்டாசியா அண்டு ஃபியூக்’, தந்தி வாத்தியங்களுக்கான ‘சின்ஃபோனியா கான்செர்தான்டே’, செல்லோவுக்கான ‘ரெவரி’ இவற்றையெல்லாம் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? செல்லோக் கலைஞர் யோ-யோ மா 2019இல் மும்பையில் ‘ரெவரி’யை வாசித்த பிறகுதான் பத்திரிகைகளுக்கே அப்படி ஒரு படைப்பு இருப்பது தெரிந்தது. வயிற்றுப்பாட்டுக்காக எழுதியதைப் புகழ்ந்து, நெஞ்சுக்காக எழுதியதை ஓரம் தள்ளுவது அவருக்கு நாம் செய்யும் இன்னொரு அநியாயம்.

---

திண்ணைவாசி எழுதியது:

வடக்குவாசல், நீங்கள் சொல்லும் வலி உண்மையானது. ஆனால் அதற்குக் காரணம் திரைப்படம் அல்ல. 1959இல் அவர் திரும்பி வந்த நாட்டில் அவருடைய ஆப்பெராவை வாசிக்க யார் இருந்தார்கள்? மும்பையில் ‘சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா’ என்ற முழுநேரத் தொழில்முறைக் குழு அமைந்தது 2006இல்தான். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஒருவர் வாசிப்பாரில்லாத இசையை மேசைக்குள் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? படமும் விளம்பரமும் அவருக்கு வாத்தியக்காரர்களைக் கொடுத்தன, ஒலிப்பதிவுக் கூடத்தைக் கொடுத்தன. இன்று எழுதியதை நாளை காதால் கேட்கும் வாய்ப்பைக் கொடுத்தன. இசை எழுதுபவனுக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை.

இன்னொன்று. ‘வயிற்றுப்பாட்டுக்காக’ எழுதியவர் ஒரே படத்துக்குள் இத்தனை காலங்களைக் கொண்டுவர மாட்டார். ‘பூமிகா’வை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தி நடிகை ஹன்ஸா வாட்கரின் வாழ்க்கையை ஒட்டிய கதை. கதாநாயகி சிறுமியாகப் படத்துறைக்கு வருவதிலிருந்து நடுவயது வரை காட்ட வேண்டும். அதற்குள் இந்தியத் திரைப்பாட்டின் குரலும் தாளமும் பதிவு செய்யும் முறையும் பலமுறை மாறிவிட்டன. பாட்டியா அந்தந்த ஆண்டின் பாட்டை அந்தந்த ஆண்டின் வாத்தியங்களோடு எழுதினார். பழைய பாட்டைக் கேலி செய்யும் தொனி எங்கேயும் வராது. அந்தக் காலத்து இசையமைப்பாளர் ஒருவர் முழுமனதோடு எழுதிய பாட்டைப் போலவே இருக்கும். ‘ஜுனூன்’ வந்தால் 1857இன் வட இந்தியா. ‘திரிகால்’ வந்தால் போர்த்துக்கீசியர் வெளியேறும் காலத்து கோவா. ‘சர்தாரி பேகம்’ (1996) வந்தால் தும்ரி என்ற இந்துஸ்தானி பாட்டு வகை. அந்தப் படத்தில் ஆரத்தி அங்க்லிகர் பாடினார். வரலாற்றைக் காதால் படித்தவர்தான் இதைச் செய்ய முடியும்.

---

மலையடிவாரம் எழுதியது:

விளம்பரத்தை எல்லோரும் சற்றுத் தாழ்வாகவே பேசுகிறீர்கள். நான் கொடைக்கானல்காரி. எங்கள் ஊரில் பாம்பார் அருவியை இன்றும் ‘லிரில் அருவி’ என்றுதான் வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். 1970களின் நடுவில் அங்கே எடுக்கப்பட்ட அந்த எலுமிச்சை சோப்பு விளம்பரத்துக்கு இசை பாட்டியா. சொற்களே இல்லாத ‘லா லலலா’ மெட்டு. அதில் இந்தி இல்லை, தமிழ் இல்லை; ஆகவே எல்லா ஊரிலும் ஒன்றுபோல ஒட்டிக்கொண்டது. அருவி காலத்துக்கும் ஒரு விளம்பரத்தின் பெயரைச் சுமக்கிறது என்றால் அந்தச் சில வினாடிகளில் இசை என்ன வேலை செய்திருக்க வேண்டும்?

இந்தியாவில் விளம்பரப் படத்துக்கென்று தனியாக இசை எழுதிய முதல் மனிதர் அவர் என்பார்கள். மொத்தம் 7,000க்கும் மேல் எழுதினார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. முப்பது வினாடிக்குள் தொடங்கி, வளர்த்து, முடிக்கத் தெரிந்தவருக்குத்தான் தொடரின் தலைப்பிசை கைவரும்.

---

தந்திவாத்தியம் எழுதியது:

மலையடிவாரம் அம்மா சொல்வது தொழில்முறையில் முழுக்கச் சரி. தலைப்பிசை என்பது பாடலும் அல்ல, பின்னணியும் அல்ல. கதை தொடங்குவதற்கு முன் வீட்டில் இருப்பவர்களைச் சமையலறையிலிருந்தும் வாசலிலிருந்தும் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும். வாரா வாரம் கேட்டாலும் சலிக்கக் கூடாது. ‘வாக்லே கி துனியா’வின் இசை நடுத்தர வர்க்கத்துக் குமாஸ்தாவின் நடையோடு போகும், அதே ஆளின் கையிலிருந்துதான் அதே ஆண்டில் ‘தமஸ்’ வந்தது என்று சொன்னால் நம்புவது கடினம்.

---

சுவடி எழுதியது:

‘தமஸ்’ பற்றிச் சொல்ல யாராவது வருவார்கள் என்று காத்திருந்தேன். 1988 தொடக்கத்தில் தூர்தர்ஷனில் வந்தபோது அதைத் தடுக்கச் சொல்லி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; நீதிமன்றம் தடுக்க மறுத்தது. பீஷ்ம சாஹ்னியின் நாவல், கோவிந்த் நிஹலானியின் இயக்கம், பிரிவினைக் காலத்துப் பஞ்சாப். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. ஆனாலும் அதன் தொடக்கத்தில் இறைவனைக் கூவி அழைக்கும் அந்த ஓலம் வந்ததும் தெருவே அமைதியாகிவிடும். அது சுருதியோடு அழகாகப் பாடிய குரல் அல்ல. நம் ஒப்பாரியில் ஒரு குரல் உடைந்து மேலே போகுமே, அந்த இடத்தைப் பிடித்தது.

அதன் பிறகு நீண்ட காட்சிகளில் இசையே இல்லை. கலவரத்தைக் காட்டும்போது முரசும் தந்தியும் சேர்த்து நம்மைப் பதறவைக்கும் வேலையை அவர் செய்யவில்லை. இந்த இசைக்குத்தான் தேசிய விருது கிடைத்தது. பாடல்களுக்கென்றே பழகிப்போன ஒரு விருது, தொலைக்காட்சிக்காக எடுத்த படைப்பின் பின்னணி இசைக்குப் போனதை நான் பெரிய நிகழ்ச்சியாகக் கருதுகிறேன்.

---

கூடல்நகர் எழுதியது:

இவ்வளவு புகழுரைக்கு நடுவே ஒரு மாற்றுக் கருத்து. ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரின் தலைப்பிசையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். நேருவின் நூலை வைத்து பெனகல் எடுத்த 53 பகுதித் தொடர். அதற்குத் தொடக்கமாக ரிக் வேதத்தின் நாசதீய சூக்தம் என்ற படைப்புப் பாடல், முடிவுக்கு ஹிரண்யகர்ப்ப சூக்தம். இத்தனை மொழி, இத்தனை வழிபாடு, இத்தனை பழமை கொண்ட ஒரு நாட்டின் கதைக்கு ஏன் ரிக் வேதம் மட்டும் வாசலில் நிற்க வேண்டும்? அந்தத் தொடரிலேயே சங்க காலத்துக்கும் சிலப்பதிகாரத்துக்கும் சோழர்களுக்கும் தனிப் பகுதிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னாலும் அதே வேத ஒலிதான் வந்தது. கண்ணகியின் கதை இந்தியில் பேசப்பட்டதைக்கூட ஏற்றுக்கொண்டேன். வாசலை ஏற்க முடியவில்லை.

---

சுவடி எழுதியது:

கூடல்நகர் தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தச் சூக்தம் என்ன சொல்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொடக்கத்தில் இருப்பும் இல்லை, இன்மையும் இல்லை என்று ஆரம்பித்து, இது எப்படி உண்டானது என்று யாருக்குத் தெரியும், மேலே இருந்து பார்ப்பவனுக்காவது தெரியுமா, ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்று முடியும். புகழ்பாடும் பாட்டு அல்ல. ஐயம் கேட்கும் பாட்டு. தேடலைப் பற்றிய தொடருக்கு அதைத் தேர்ந்ததில் பொருள் இருக்கிறது.

பாட்டியா அதைக் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. ஓதுவதுபோலத் தொடங்கி, பிறகு இந்தியில் அதே கருத்து குழுக்குரலாக விரிகிறது. ஆண் குரல்களும் பெண் குரல்களும் அடுக்காக வருகின்றன. குரல்களை அடுக்குவது லண்டனிலும் பாரிஸிலும் அவர் கற்றது. ஆனால் கேட்பவருக்குத் தேவாலயப் பாடற்குழு நினைவுக்கு வருவதில்லை. கோயில் பிராகாரமும் நினைவுக்கு வருவதில்லை. இரண்டுக்கும் வெளியே ஒரு திறந்தவெளியில் நிற்பது போலிருக்கிறது. பெண்குரல்கள் வேத வரிகளின் கருத்தைப் பாடியது அந்தக் காலத்துக்குச் சிறிய செயல் அல்ல.

---

கூடல்நகர் எழுதியது:

சுவடி அம்மா, இசையின் தரத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அடுக்கு அற்புதமானது என்பதில் எனக்கும் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஐயம் கேட்கும் பாட்டு நம்மிடமும் உண்டு. சங்கப் பாட்டில் நிலையாமையைக் கேள்வி கேட்கும் வரிகள் எத்தனை! சிலப்பதிகாரப் பகுதிக்காவது வாசலை மாற்றியிருக்கலாம். தேர்வு இயக்குநருடையதாக இருக்கலாம். என் வருத்தம் அப்படியே இருக்கிறது.

---

கறுப்பங்கி எழுதியது:

அவருடைய கடைசி ஆண்டுகளை யாரும் தொடவில்லை. 2019இல் அவர் பணமில்லாமல் தவிப்பதாகவும் வீட்டுப் பொருள்களை விற்பதாகவும் செய்தி வந்தது. பத்மஸ்ரீ (2012), சங்கீத நாடக அகாதெமி விருது (1989), தேசிய விருது எல்லாம் பெற்றவர். எப்படி இந்த நிலை வந்தது? தனிமனிதரின் செலவுக் கணக்கு எனக்குத் தெரியாது. அதைப் பேசவும் விரும்பவில்லை. சட்டம் தெரியும். அதைச் சொல்கிறேன்.

1977இல் உச்ச நீதிமன்றம், இசை எழுதுபவர்களின் உரிமைத்தொகைச் சங்கமான ஐ.பி.ஆர்.எஸ். தொடர்பான வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. தயாரிப்பாளர் கூலி கொடுத்துப் படத்துக்காக எழுதவைத்த இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்பது அதன் சாரம். அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடும் கலைஞருக்குச் சட்டத்தில் இடமே இல்லாததைச் சுட்டிக்காட்டினார். எந்த ஆண்டு என்று கவனியுங்கள். ‘மந்தன்’ வந்ததற்கு அடுத்த ஆண்டு. பாட்டியா படத்துக்கும் விளம்பரத்துக்கும் முழு வேகத்தில் எழுதிக்கொண்டிருந்த காலம் அது.

2012இல்தான் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. படத்தோடு சேர்ந்து திரையரங்கில் ஒலிப்பதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் ஆசிரியருக்குச் சமபங்கு உரிமைத்தொகை உண்டு. அந்த உரிமையை அவர் எழுதிக்கொடுத்தாலும் செல்லாது என்று ஆயிற்று. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காகப் போராடியதை எல்லோரும் அறிவோம். அந்த ஆண்டில் பாட்டியாவுக்கு வயது 85.

‘மந்தன்’ படத்தின் ‘மேரோ காம் கதா பாரே’ பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். அந்தப் பாட்டு பிறகு அமுல் விளம்பரமாகி, படத்தைப் பார்க்காத தலைமுறையின் காதிலும் ஏறியது. ஒரு மெட்டு இப்படிப் பல பிறவி எடுக்கும்போது ஒவ்வொரு பிறவியிலும் எழுதியவருக்குப் பங்கு போகவேண்டும் என்பதுதான் புதிய சட்டத்தின் எண்ணம். பழைய முறையில் எழுதும் நாளில் கிடைத்த கூலியோடு கணக்கு முடிந்துவிடும்.

---

தந்திவாத்தியம் எழுதியது:

கறுப்பங்கி ஐயா, இசையமைப்பாளருக்கே இந்த நிலை என்றால் வாசித்த எங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு அமர்வுக்கு இவ்வளவு என்று கூலி. நாங்கள் வாசித்த இசை எத்தனை தட்டில் ஏறியது, எத்தனை வானொலியில் ஒலித்தது என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. குறை சொல்ல ஒரு நிறுவனத்தின் பெயரை எடுக்கமாட்டேன். எல்லா இடத்திலும் அதே வழக்கம்தான்.

‘மேரோ காம்’ பாட்டில் இன்னொரு நுணுக்கம். அதைப் பாடிய பிரீத்தி சாகர் அதற்கு முன் ‘ஜூலி’ படத்தில் ஆங்கிலப் பாட்டு பாடிப் பெயர் பெற்றவர். நகரத்து ஆங்கிலக் குரல் என்று முத்திரை விழுந்த ஒருவரைக் கிராமத்துப் பெண்ணின் பாட்டுக்குக் கூப்பிட எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! அந்தப் பாட்டுக்கே அவர் ஃபிலிம்ஃபேர் விருது வாங்கினார். பாட்டியாவின் கட்ச் வேரும் அதில் பேசுகிறது. பாரிஸில் படித்தவர் நாட்டுப்புற மெட்டுக்குக் கோட்டு மாட்டிவிடவில்லை.

---

வடக்குவாசல் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். பின்னணி இசையின் மதிப்பை நான் மறுக்கவில்லை. என் நிலை இதுதான்: ‘தாமினி’ போன்ற வணிகப் படங்களில் பாடலை வேறு யாரோ எழுத, இவர் பின்னணி மட்டும் எழுதினார். பெயர் பாடலுக்கே போனது. ஆப்பெராவோ அவர் கண்முன் முழுமையாக அவருடைய ஊரில் நடக்கவில்லை. இரண்டு பக்கமும் இழந்தவர் அவர். திண்ணைவாசி ஒரு பக்கத்தை மீட்கிறார். நான் மறுபக்கத்தையும் மீட்கச் சொல்கிறேன். மும்பையில் இப்போது தொழில்முறைக் குழு இருக்கிறது. ‘அக்னி வர்ஷா’வை முழுதாக அங்கே வாசிக்க இனி என்ன தடை?

---

திண்ணைவாசி எழுதியது:

அதில் உங்களோடு முழு மனதாக நிற்கிறேன், வடக்குவாசல். ஆனால் அந்த ஆப்பெரா மேடையேறும் நாளில் அதைக் கேட்பவர்கள் ‘பெனகல் படத்துக்கு இசையமைத்தவர் இப்படியும் எழுதினாரா’ என்று வியக்கக் கூடாது. ‘தமஸ்’ எழுதியவர் இப்படித்தானே எழுதுவார் என்று சொல்லவேண்டும்.

புதிதாகக் கேட்க விரும்பும் இளையவர்கள் தனிமடலில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தார்கள். பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். ‘அங்குர்’ படத்தை முதலில் பாருங்கள்; இசை எங்கெல்லாம் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ‘பூமிகா’, அதன் பாடல்களை ஆண்டு வரிசையில். பிறகு ‘தமஸ்’. ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் சிலப்பதிகாரப் பகுதியைப் பார்க்கும்போது கூடல்நகர் எழுப்பிய கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் வரும் இசையையும் உள்ளே வரும் இசையையும் ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

---

கூடல்நகர் எழுதியது:

தொடங்குங்கள், வருகிறேன். சோழர் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.